வார்டும் வினாத்தாளும்: மருத்துவ உரிமமும் பட்டமேற்படிப்பும்

மருத்துவம் படிப்பவர் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. தனித்து நோயாளியைப் பார்க்க அரசு தரும் அனுமதி முதலாவது. அதன் பெயர் உரிமம், அதாவது மருத்துவ மன்றத்தில் பதிவு. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் என ஏதேனும் ஒரு துறையில் மூன்றாண்டு உறைவிடப் பயிற்சிக்கு இடம் பிடிப்பது இரண்டாவது. மாணவர்களின் பேச்சில் அது ‘பி.ஜி. சீட்’. முதல் வாசலில் கேட்கப்படுவது தகுதி: இவரிடம் ஓர் உயிரை ஒப்படைக்கலாமா? இரண்டாம் வாசலில் கேட்கப்படுவது வரிசை: இத்தனை பேரில் இவர் எத்தனையாவது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஆனால் இந்தியாவில் வரிசைக்கான ஓட்டம் தகுதிக்கான காலத்தை ஆண்டுக்கு ஆண்டு விழுங்கி வருகிறது. தேர்வு முறை, இட ஒதுக்கீடு, பயிற்சி என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து பார்த்தால் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரியும். 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி நெடுங்காலம் இந்த மாவட்டத்துக் கல்லூரியாக இருந்தது. 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கல்லூரியும் அந்தப் பக்கம் போயிற்று. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களின் பட்டியலில் தென்காசி, மயிலாடுதுறை, பெரம்பலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவற்றோடு பட்டு நகரமும் சேர்ந்தது. ஊரை ஒட்டிய ஏனாத்தூரில் இயங்கும் மீனாட்சி மருத்துவக் கல்லூரி ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. அரசின் பக்கம் இருப்பவை மாவட்டத் தலைமை மருத்துவமனையும், அண்ணா மறைந்த 1969-ஆம் ஆண்டில் அவர் பெயரில் காரப்பேட்டையில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனையும்தான். நோயாளிகளுக்குக் குறைவில்லாத மாவட்டம் இது. ஆனால் அரசுக் கட்டணத்தில் மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் இங்குள்ள பிள்ளை மாவட்ட எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

மருத்துவரின் தகுதியை யார் உறுதி செய்வது என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்குள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், பணிப்பெண்கள், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் எல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. மருத்துவம் குடும்பவழியிலும் ஆசான் வழியிலும் கைமாறி வந்த காலம் அது. ஆசானுக்கு மாணவனின் கை தெரியும், ஊருக்கு ஆசானைத் தெரியும், சான்றிதழுக்கு வேலையில்லை.

அச்சிட்ட பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் மருத்துவர் என்ற முறை சென்னை மாகாணத்தில் 1914-ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுச் சட்டத்தோடு நிலைபெற்றது. அந்தச் சட்டத்தால் அமைந்த மன்றமே இன்றைய தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் மூலம். அப்போது இரண்டு வகை மருத்துவர்கள் இருந்தார்கள். 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் பட்டம் பெற்றவர்கள் ஒரு வகை. மருத்துவப் பள்ளிகளில் குறைந்த காலம் படித்து எல்.எம்.பி. என்ற உரிமம் பெற்றவர்கள் இன்னொரு வகை. 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த ராயபுரம் மருத்துவப் பள்ளி இரண்டாம் வகையினரை உருவாக்கியது. சிற்றூர்களில் ‘எல்.எம்.பி. டாக்டர்’ என்று மரியாதையோடு நினைவுகூரப்படுபவர்கள் இவர்கள்தான். ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் இந்த இரட்டை முறையை முடித்துவிட்டு நாடெங்கும் ஒரே வகை அடிப்படை மருத்துவரை உருவாக்கச் சொன்னது. ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவின் உறுப்பினர். எம்.பி.பி.எஸ். மட்டுமே ஒரே வாசலாக நிலைத்தது அதன் பிறகுதான்.

அந்த வாசல் இன்றும் தனித் தேர்வு வைத்துத் திறக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் யு.எஸ்.எம்.எல்.இ. இருப்பதுபோல் இந்தியாவில் படித்தவருக்குத் தனி உரிமத் தேர்வு கிடையாது; பல்கலைக்கழகத்தின் இறுதித் தேர்வே உரிமத் தேர்வு. தமிழ்நாட்டில் அரசு, தனியார் கல்லூரிகள் பெரும்பாலானவற்றுக்கு அதை நடத்துவது கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நான்கரை ஆண்டு, பத்தொன்பது பாடங்கள். எழுத்துத் தேர்வைவிட மாணவர்கள் அதிகம் அஞ்சுவது செய்முறைத் தேர்வுக்கு. அதில் ‘லாங் கேஸ்’ என்று ஒரு நோயாளியைத் தருவார்கள். குறித்த நேரத்துக்குள் அவரிடம் பேசி வரலாறு கேட்டு, தொட்டுத் தட்டிக் கேட்டுப் பரிசோதித்து, என்ன நோய், ஏன், அடுத்து என்ன செய்வது என்று வெளிக்கல்லூரிப் பேராசிரியர் முன்னால் சொல்லி நிற்க வேண்டும். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்பதற்கு அங்கே நான்கு விடைகள் அச்சிட்டுத் தரப்படுவதில்லை. விரல்தான் விடை சொல்ல வேண்டும். இந்த முறையில் குறைகள் உண்டு. தேர்வாளருக்குத் தேர்வாளர் கண்டிப்பு மாறும். கிடைக்கும் நோயாளியைப் பொறுத்து ஒருவருக்கு எளிது, மற்றவருக்குக் கடினம். ஆனாலும் ‘இவர் கையில் நோயாளியை ஒப்படைக்கலாமா’ என்ற கேள்வியை நேருக்கு நேர் கேட்கும் தேர்வு இதைத் தவிர வேறில்லை.

இறுதித் தேர்வில் வென்றவருக்கு மருத்துவ மன்றம் தற்காலிகப் பதிவு தருகிறது. அதற்குப் பிறகு ஓராண்டு கட்டாயச் சுழற்சிமுறைப் பயிற்சி. ஏட்டில் சி.ஆர்.ஆர்.ஐ.; மருத்துவமனைப் பேச்சில் ‘ஹவுஸ் சர்ஜன்’. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேறுக்கு 7 வாரம், பொது மருத்துவத்துக்கும் அறுவைக்கும் தலா 6 வாரம், அவசர சிகிச்சைக்கு 2 வாரம் என்று ஆண்டு பிரிக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் எடுப்பது, சிறுநீர்க் குழாய் போடுவது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது, கேசுவல்டியில் நள்ளிரவில் வருபவரின் நாடி பார்த்து யாரை முதலில் கவனிப்பது என்று முடிவெடுப்பது எல்லாம் இந்த ஓராண்டில்தான் கையில் ஏற வேண்டும். முடித்த பிறகே நிரந்தரப் பதிவு. ஆக, உரிமத்தின் உண்மையான பாதி இந்த ஆண்டுதான்; வரிசைக்கான ஓட்டம் வந்து மோதுவதும் இதே ஆண்டின் மேல்தான்.

பட்டமேற்படிப்பு இடங்களுக்கு முன்பெல்லாம் அகில இந்தியத் தேர்வு ஒன்றும் மாநிலங்களின் நுழைவுத் தேர்வுகளும் தனித்தனியாக நடந்தன. தமிழ்நாடும் தனக்கென்று தேர்வு வைத்திருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு என்ற நீட்-பி.ஜி. முதல்முறையாக 2012 இறுதியில் நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதலியோர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 18-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை ரத்து செய்தது. அதே நீதிமன்றம் 2016 ஏப்ரல் 11-இல் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. இந்திய மருத்துவ மன்றச் சட்டத்தில் திருத்தம் வந்தது; 2017 சேர்க்கை முதல் நீட்-பி.ஜி. கட்டாயமானது. சேர விரும்புவோர் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

தேர்வின் அமைப்பைப் பார்த்தாலே அது எதை அளக்கிறது என்று விளங்கிவிடும். 200 வினாக்கள், மூன்றரை மணி நேரம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு. ஒரு வினாவுக்குச் சராசரி 63 நொடி. 2024 முதல் 40 வினாக்கள் கொண்ட ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பகுதி முடிந்தால் அதற்குத் திரும்ப முடியாது. எனவே பழைய பழக்கப்படி கடின வினாக்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசி அரைமணியில் பார்க்கலாம் என்ற திட்டம் இனி எடுபடாது. நேரக் கணக்கையும் பகுதிக்குப் பகுதி போட வேண்டும். ஊகம் பற்றியும் மாணவர்களிடையே வீண் அச்சம் உண்டு. எதுவுமே தெரியாமல் நான்கில் ஒன்றைத் தொட்டால்கூடச் சராசரியாக கால் மதிப்பெண் கூடவே செய்யும். ஒரு விடையை உறுதியாக விலக்க முடிந்தால் ஆதாயம் மூன்றில் இரண்டு மதிப்பெண்ணாக உயரும். ஆகவே விலக்கிப் பார்த்து ஊகிப்பது தவறில்லை. வெறும் பதற்றத்தில் சரியான விடையை மாற்றுவதுதான் தவறு.

தயாரிப்பு இன்று பெரும்பாலும் கைப்பேசிக்குள் நடக்கிறது. மேரோ, பிரெப்லேடர் போன்ற செயலிகளில் பத்தொன்பது பாடங்களுக்கும் காணொளி வகுப்பு, ஆயிரக்கணக்கான வினாக்கள் கொண்ட ‘கியூ பேங்க்’, மாதிரித் தேர்வான ‘கிராண்ட் டெஸ்ட்’ எல்லாம் கிடைக்கின்றன. மூன்றாம் ஆண்டிலேயே சந்தா கட்டுபவர்கள் உண்டு. இதில் பயன் இல்லாமல் இல்லை. படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே கேட்டுக்கொள்வதும், அதை நாள் விட்டு வாரம் விட்டுத் திரும்பச் செய்வதும் நினைவை நிறுத்தும் என்பது கற்றல் ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. வினா வங்கி அந்த வேலையைச் செய்கிறது. சிக்கல் வருவது வரிசையில்: பாடநூலையும் வார்டையும் தொடாமல் வினா வங்கியிலிருந்து தொடங்கும்போது. காரணம் தெரியாத விடை அடுத்த வினாவில் சொற்கள் கொஞ்சம் மாறினால் கைகொடுக்காது. பொது மருத்துவப் பாடநூலான ஹாரிசனை முழுக்கப் படிக்க முடியாதுதான். ஆனால் வார்டில் பார்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் அன்று மாலையே அதற்குரிய பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், நான்கரை ஆண்டில் முக்கியமான பக்கங்கள் எல்லாம் ஒருமுறையாவது கண்ணில் பட்டிருக்கும். அதற்கு மேல் வினா வங்கி ஏறினால் நிற்கும்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் காஞ்சிபுரத்துத் தறி ஒன்றே காட்டும். உட்காரும் எலும்பின் மேலுள்ள நீர்ப்பை வீங்கி வலிப்பதை அறுவைப் பாடநூல்கள் ‘வீவர்ஸ் பாட்டம்’ என்று குறிக்கின்றன. கடினமான பலகையில் நாளெல்லாம் அமர்ந்து தறி நெய்த ஐரோப்பிய நெசவாளர்களுக்கு வந்ததால் அமைந்த பெயர். வீட்டு வேலைக்காரியின் முட்டி, மாணவனின் முழங்கை, நெசவாளரின் பிட்டம் என்று தொழிலால் பெயர் பெற்ற நீர்ப்பை வீக்கங்கள் நுழைவுத் தேர்வுக்குப் பழக்கமான ‘ஒன்-லைனர்’. மாணவர்கள் ஒரு மூச்சில் ஒப்பிப்பார்கள். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதித்து, கோர்வைச் சேலை நெய்பவர் முதுகுவலியோடு புறநோயாளி வரிசையில் நிற்கிறார். அவர் எவ்வளவு நேரம் உட்காருகிறார், எங்கே வலிக்கிறது, கூலி நெசவில் ஒரு வாரம் ஓய்வெடுத்தால் வீட்டில் என்ன ஆகும் என்று கேட்கத் தெரிந்தவருக்கே அந்த ஒரு வரி மருத்துவமாகும். வினாத்தாள் அந்தப் பெயரைக் கேட்கிறது. கேட்கத் தெரிகிறதா என்பதை அதனால் கேட்க முடியாது. வினாத்தாளைக் குறை சொல்லி ஆவதில்லை. லட்சக்கணக்கானவர்களை ஒரே நாளில் வரிசைப்படுத்த வேறு எளிய கருவி இல்லை. வரிசைக் கருவியைத் தகுதிக் கருவி என்று நம்பத் தொடங்குவதுதான் ஆபத்து.

மொழி இன்னொரு பள்ளம். நீட்-பி.ஜி. ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2020-இல் வந்தது. தமிழ்வழியில் படித்த, தறிப்பட்டறையிலிருந்தும் கழனியிலிருந்தும் வந்த பிள்ளைகள் பலர் அதன்மூலம் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த முதல் தொகுதி நான்கரை ஆண்டும் பயிற்சி ஆண்டுமாகச் சேர்த்து இப்போதுதான் பட்டமேற்படிப்பு வாசலை எட்டுகிறது. அங்கே அவர்களுக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு இல்லை. செயலிச் சந்தாவுக்கும் பயிற்சி மையத்துக்கும் ஓராண்டு சம்பாதிக்காமல் வீட்டில் இருந்து படிப்பதற்கும் பணம் வேண்டும். அவர்களிடம் இருக்கும் ஒரு செல்வம் மட்டும் மதிப்பெண்ணாக மாறுவதில்லை. “நெஞ்சு கரிக்குது”, “மேல்மூச்சு வாங்குது”, “காலெல்லாம் மதமதன்னு இருக்கு” என்று நோயாளி சொல்வதற்கு அவர்கள் அகராதி தேட வேண்டியதில்லை. பத்து வரி ஆங்கில நோய்க்குறிப்பை ஒரு நிமிடத்துக்குள் படித்து முடிப்பதில்தான் அவர்கள் பின்தங்குகிறார்கள். அவர்களுக்கு உகந்த தயாரிப்பு, முதலாண்டிலிருந்தே பாடநூலின் நோய்க்கதைகளை ஆங்கிலத்தில் உரக்கப் படித்து, அதே கதையைத் தமிழில் நோயாளி எப்படிச் சொல்வார் என்று எழுதிப் பார்ப்பது. தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியும் என்பதை யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் செய்து காட்டியிருக்கிறார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

பயிற்சி ஆண்டு கரைவது எப்படி? நீட்-பி.ஜி. எழுதுவதற்குக் குறித்த தேதிக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் தேர்வு பெரும்பாலும் பயிற்சியின் கடைசி மாதங்களிலோ முடிந்த கையோடோ வருகிறது. ஹவுஸ் சர்ஜன் பகலில் வார்டு, இரவில் கியூ பேங்க் என்று ஓடுகிறார். வார்டு எளிதாக உள்ள துறைகளைப் படிப்பதற்கான காலமாகக் கணக்கிட்டு வைக்கிறார். கிராமப்புற சுகாதார நிலையத்தில் கழிக்க வேண்டிய வாரங்கள் ‘படிக்கிற போஸ்டிங்’ ஆகிவிடுகின்றன. இது மாணவரின் சோம்பல் அல்ல. ஒரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நிற்கும் வரிசையில் விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் விலை உண்டு. தேர்வுத் தேதியே உறுதியில்லாதபோது சுமை இரட்டிப்பாகிறது. 2024-இல் மார்ச், ஜூலை, ஜூன் என்று தேதி நகர்ந்து, ஜூன் 23 தேர்வு அதற்கு முந்தைய இரவில் ஒத்திவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 11-இல் இரண்டு வேளைகளாக நடந்தது. இரு வேளை மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறை பற்றி வழக்குகள் எழுந்தன. 2025-இல் ஒரே வேளையில் நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட, ஜூன் 15-இல் நடக்கவிருந்த தேர்வு ஆகஸ்ட் 3-க்குப் போயிற்று.

இந்த மோதலைத் தீர்ப்பதாகச் சொல்லப்பட்ட திட்டம்தான் ‘நெக்ஸ்ட்’ என்னும் தேசிய வெளியேறும் தேர்வு. 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் அது இருக்கிறது. இறுதியாண்டுத் தேர்வு, உரிமத் தேர்வு, பட்டமேற்படிப்புத் தேர்வு, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தேர்வு நான்குக்கும் ஒரே தேர்வு. 2023-இல் வெளியான விதிகளின்படி முதல் கட்டம் ஆறு தாள்களில் 540 கொள்குறி வினாக்கள். பயிற்சி முடிந்த பின் ஏழு துறைகளில் செய்முறைத் தேர்வு இரண்டாம் கட்டம். தேர்வு பயிற்சி ஆண்டுக்கு முன்னால் போய்விடுவதால், ஹவுஸ் சர்ஜன் கவலையின்றி வார்டில் நிற்கலாம் என்பது ஆதரிப்போரின் வலுவான வாதம். எதிர்ப்போர் வாதமும் வலுவானதே. பல்கலைக்கழகம் பேராசிரியரைக் கொண்டு கேட்டுவந்த தகுதிக் கேள்வி நாடளாவிய கொள்குறித் தாளுக்கு மாறுகிறது. நான்கரை ஆண்டும் பயிற்சி மையத்தின் ஆண்டுகளாகிவிடும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பொருளிழக்கும். தமிழ்நாடு முதலமைச்சர் 2023 ஜூனில் இதைக் கைவிடுமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார்; மறு மாதம் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. இரு வாதங்களையும் எடைபோட்டால் ஒன்று புலப்படும்: பயிற்சி ஆண்டை மீட்பது நல்ல நோக்கம், ஆனால் இறுதியாண்டு மாணவரைத் தகுதிக்கும் வரிசைக்கும் ஒரே தாளில் சோதித்தால் சுமை ஓராண்டு முன்னால் நகருமே தவிரக் குறையாது. வரிசைத் தேர்வைத் தனியாகவே வைத்து, அதன் தேதியைப் பயிற்சி முடிந்து சில மாதங்களுக்குப் பின் ஆண்டுதோறும் மாறாமல் நிறுத்துவது இதைவிட எளிய வழி.

தேர்வு முடிந்த பின் கலந்தாய்வு. அரசுக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்கள் அனைத்தையும் தில்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. மீதியைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. அதனால் ஏனாத்தூர்க் கல்லூரியில் உள்ள ஓர் இடத்துக்கு அதே ஊர்க்காரருக்கும் அசாமில் இருப்பவருக்கும் ஒரே வரிசைதான். கட்டணமும் ஆண்டுக்குப் பல லட்சம். அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு கிடைத்ததற்குப் பின்னால் தமிழ்நாட்டுக் கட்சிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் அதை உறுதி செய்தது. 2025 ஜனவரி 29-இல் அதே நீதிமன்றம், பட்டமேற்படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. தன் பணத்தில் கல்லூரிகளைக் கட்டி வைத்திருக்கும் மாநிலத்துக்கு இது பெரிய கவலை.

தமிழ்நாட்டின் தனிச் சொத்து அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கான ஒதுக்கீடு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக உதவி மருத்துவராகி, உத்திரமேரூர், வாலாஜாபாத் போன்ற வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றுபவர், மாநில இடங்களில் பாதிக்குத் தம்மைப் போன்றவர்களோடு மட்டும் போட்டியிடலாம். பட்டம் பெற்ற பின் அவர் அரசு மருத்துவமனைக்கே திரும்புவார். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் மயக்கவியலாளரும் மகப்பேறு நிபுணரும் இருப்பதற்கு இந்தச் சங்கிலி முக்கியக் காரணம். இந்திய மருத்துவ மன்ற விதிகளைக் காட்டி இடையில் இது முடக்கப்பட்டது. கடினப் பகுதிகளில் பணியாற்றிய ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் அதிகபட்சம் 30 வரை ஊக்க மதிப்பெண் என்ற மாற்று மட்டுமே நின்றது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்த்தது. நோயாளிகளோடு கழித்த ஆண்டுகளையும் ஒரு தகுதியாக எண்ணும் ஏற்பாடு இது. வார்டுக்கும் வினாத்தாளுக்கும் இடையே இன்று இருக்கும் ஒரே பாலம் என்று இதைச் சொல்லலாம். வெளியிலிருந்து பார்த்து ‘தகுதிக் குறைப்பு’ என்பவர்கள் இரவில் பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்குச் சிற்றூரில் யார் இருப்பார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இடம் கிடைத்தவர்கள் எதைத் தேர்கிறார்கள் என்பதும் தனிக் கதை. ரேடியோ டயக்னோசிஸ், தோல், பொது மருத்துவம் முதலில் முடிந்துவிடும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் இடங்கள் காலியாகக் கிடக்கும். 2023-இல் காலியிடங்களை நிரப்பத் தகுதி மதிப்பெண்ணைப் பூஜ்ய பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். ஒரே கதிரின் இரண்டு துறைகளில் படமெடுக்கும் துறைக்கு அடிதடி. கதிரால் புற்றுநோயைச் சுட்டு அழிக்கும் துறை அத்தனை விரும்பப்படுவதில்லை. காரப்பேட்டை போன்ற மருத்துவமனைகளுக்கு வேண்டியவர்கள் இரண்டாம் வகையினர்தான். எம்.பி.பி.எஸ். பாடத்தில் புற்றுநோய் மருத்துவம் தனித் துறையாக இல்லாததால் மாணவர் அந்த வார்டை அதிகம் பார்ப்பதேயில்லை. பார்க்காததை எவரும் விரும்பித் தேர்வதில்லை.

வெளிநாட்டில் படித்துத் திரும்புவோருக்கு மட்டும் இந்தியாவில் தனி உரிமத் தேர்வு உண்டு. 2002 முதல் நடக்கும் எப்.எம்.ஜி.இ., ஆண்டுக்கு இருமுறை, 300 வினாக்கள், 150 எடுத்தால் தேர்ச்சி. தவறுக்குக் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு வினாவையும் விடக்கூடாது. இது வரிசைத் தேர்வு அல்ல, பாதி தெரிந்தால் போதும் என்ற தகுதித் தேர்வு. அப்படியிருந்தும் பல சுற்றுகளில் தேர்வு எழுதியவர்களில் கால்வாசிப் பேர்கூடத் தேறவில்லை. நோயாளியிடம் பேசும் அளவுக்கு உள்ளூர் மொழி தெரியாமல் வார்டில் வெறுமனே நின்ற ஆண்டுகள் இதற்கு ஒரு காரணம். நான்காண்டு இடைவெளிக்குப் பிறகு அடிப்படைப் பாடங்களைத் திரும்பத் தொடுவது இன்னொன்று. 2021 நவம்பரில் வந்த விதிகள் குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கிலவழி, அங்கே ஓராண்டும் இங்கே ஓராண்டும் பயிற்சி என்று வரையறுத்திருக்கின்றன. சேரும் முன்பே இவற்றைச் சரிபார்க்காத பெற்றோர் பின்னால் விற்ற நிலத்தை மீட்க முடியாமல் தவிக்கிறார்கள்.

இங்கிருந்து வெளியே போவோர் வழி வேறு. அமெரிக்கத் தேர்வின் முதல் படி 2022 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் அறிவிக்கப்படுகிறது. மதிப்பெண் ஓட்டம் மாணவரைச் சிதைக்கிறது என்று உணர்ந்து எடுத்த முடிவு அது. ஓட்டம் இரண்டாம் படிக்கு நகர்ந்துவிட்டது என்பதும் உண்மை. இலங்கையில் நிலைமை நேர்மாறு. எல்லா அரச மருத்துவ பீடங்களின் இறுதித் தேர்வு முடிவுகளும் ஒரே தகுதிப் பட்டியலாகி, யார் எந்த மருத்துவமனையில் உள்ளகப் பயிற்சி பெறுவது என்பதை அது தீர்மானிக்கிறது. யாழ்ப்பாண மாணவருக்கு வரிசைத் தேர்வும் உரிமத் தேர்வும் ஒன்றே. ஆனால் அதில் நோயாளியின் பக்கத்தில் நின்று பதில் சொல்லும் பகுதியும் அடங்கியிருக்கிறது.

இத்தனையும் கடந்து சேர்ந்த பின் எம்.டி., எம்.எஸ். மூன்றாண்டு. 1992-ஆம் ஆண்டின் மத்திய உறைவிட மருத்துவர் திட்டம் தொடர்ச்சியாக 12 மணிக்கு மேல் பணி கூடாது என்கிறது. 2023-ஆம் ஆண்டு பட்டமேற்படிப்பு விதிகள் நியாயமான பணிநேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு என்கின்றன. பல வார்டுகளில் இவை இன்னும் ஏட்டில்தான். முதலாண்டு மாணவர் 24 மணி நேரத்தைத் தாண்டி விழித்திருந்து மறுநாள் புறநோயாளிகளையும் பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. களைத்த கை தவறு செய்யும் என்பதால் இது மாணவரின் நலன் மட்டுமல்ல, நோயாளியின் நலனும்கூட. இதற்கிடையே ஆய்வேடு எழுத வேண்டும். மூன்று முதல் ஐந்து வரையான அரையாண்டுகளில் ஏதேனும் ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் ‘மாவட்ட உறைவிடத் திட்டம்’ கட்டாயம். பெரிய கல்லூரியில் எம்.ஆர்.ஐ. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நோயைப் பேசிப் பழகியவர், அங்கே நோயாளியின் வயிற்றில் கை வைத்து முடிவெடுக்கிறார். எதைத் தானே பார்க்கலாம், எதை உடனே ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்துப் பார்க்கிறார். மூன்றாம் ஆண்டின் முடிவில் மறுபடியும் லாங் கேஸ், மறுபடியும் வெளித் தேர்வாளர். தேறியவர் அரும்பாக்கத்திலுள்ள தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்குச் சென்று, எம்.பி.பி.எஸ். முடித்தபோது பெற்ற அதே பதிவெண்ணின் கீழ் புதிய பட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறார்.